வனஜாவின் பதினொன்றரை மாதக் கர்ப்பம்

கேள்வி: என் முதல் நாவலை எழுதி முடித்துவிட்டேன். 42 அத்தியாயம், சுமார் 1,10,000 சொற்கள். திருவாரூரில் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. 1958ல் தொடங்கி 1996ல் முடிகிறது. எழுத மூன்று வருஷம் ஆனது. நான்கு தோழிகளிடம் படிக்கக் கொடுத்தேன். ஆளுக்கொரு தவறோடு வந்தார்கள். வனஜாவின் கர்ப்பம் ஏறக்குறைய ஒரு வருஷம் நீள்கிறதாம். தண்டபாணி சித்தப்பாவுக்கு இடது கால் ஊனம் என்று எழுதியிருந்தேன். முப்பதாம் அத்தியாயத்தில் வலது காலை இழுத்து நடக்கிறார். அடகுக்குப் போன சங்கிலி வனஜாவின் கழுத்தில் கிடக்கிறது. தாத்தா செத்த கதையை அப்பாயி இரண்டு விதமாகச் சொல்கிறாள். ஒன்றைத் திருத்தப் போனால் இன்னொன்று உடைகிறது. நடுவில் இரண்டு பெயர்களை வேறு மாற்றினேன். அது தனிக் குழப்பம். எங்கிருந்து தொடங்குவது? அத்தியாயச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.
(ஒரு வாசகி, திருவாரூர்)

பதில்:

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குப் பிரதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். தோழி சொன்னதும் அந்தப் பக்கத்தைத் திறந்து அங்கேயே திருத்திவிடுகிறீர்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைவது அதனால்தான். வாசகர் கண்ணில் தவறு படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. முப்பதாம் அத்தியாயத்தில் இடறினார் என்றால் கல் ஒன்பதாம் அத்தியாயத்தில் கிடக்கலாம்.

பிரிண்ட் அவுட் எடுங்கள். ஏ4 தாளில் ஒரு பக்கம் மட்டும், 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் இரண்டு அங்குலம் வெற்றிடம். நானூற்றைம்பது தாள் வரை வரும், செலவுதான். ஆனால் எழுதிய திரையிலேயே படித்தால், மனத்தில் இருப்பதைத்தான் கண் படிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும். படிக்கும்போது திருத்தாதீர்கள், குறிப்பு மட்டும் எடுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நோட்டிலோ எக்செல்லிலோ ஒரு வரிசை. உங்கள் பதினெட்டாம் அத்தியாயத்துக்கு இப்படி இருக்கும்:

அத். 18. 1968 பங்குனி. வீடு, பிறகு கோயில். வனஜாவின் பார்வை. ராஜாமணிக்கு 5 வயது. சங்கிலி அடகில். நிலம் ஒத்திக்குப் போனது வனஜாவுக்குத் தெரியும், சுந்தரத்துக்குத் தெரியாது.

இந்த வரிசையில் ஒன்றைக் கட்டாயமாகக் கடைப்பிடியுங்கள்: பிரதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டுமே குறிக்க வேண்டும். நீங்கள் நினைத்திருந்ததைக் குறித்தால் பட்டியல் எப்போதும் சரியாகவே வரும், நாவல் மட்டும் தப்பாகவே இருக்கும். வருஷம் பிரதியில் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மூன்று நான்கு கட்டம் தொடர்ந்து காலியாக இருக்கும் இடத்தில்தான் காலக் கணக்கு வழுக்கியிருக்கும்.

பாத்திரங்களின் வயதைத் தனியே எழுதாதீர்கள். பிறந்த ஆண்டும் மாதமும் மட்டும் ஒரு தாளில் இருக்கட்டும். வயதைக் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். பேச்சில் வரும் வயது ஒன்று கூடினாலோ குறைந்தாலோ பதற வேண்டாம். நம் வீடுகளில் 'பதினாறு முடிஞ்சு பதினேழு நடக்குது' என்பதும் வழக்கம், நடக்கும் வயதையே சொல்வதும் வழக்கம். இரண்டு வருஷம் இடித்தால்தான் தவறு.

வனஜாவின் கர்ப்பத்துக்கு வருவோம். சுருக்கத்தின்படி 1962 சித்திரை முதல் வாரத்தில் 'நாற்பது நாள் ஆச்சு' என்று மாமியாரிடம் சொல்கிறாள் (அத். 9). ஐப்பசிக் கடைசியில் வளைகாப்பு (அத். 11). மாசி அமாவாசை இரவில் ராஜாமணி பிறக்கிறான் (அத். 12). கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்பது பேறுகாலக் கணக்கு. 'பத்து மாதம் சுமந்தேன்' என்பதும் 28 நாள் மாதமாக எண்ணினால் இதுவேதான். சித்திரை முதல் வாரத்தில் நாற்பது நாள் என்றால் மாதவிலக்கு மார்ச் இரண்டாம் வாரம், பிரசவம் கார்த்திகைக் கடைசி. நீங்கள் பிரசவம் பார்த்தது மாசியில். பதினொன்றரை மாதம் ஆகிறது. தோழி சொன்னது சரி.

இப்போது சித்திரையைத் தள்ளுவதா, மாசியை முன்னால் இழுப்பதா? எந்தக் காட்சி தன் மாதத்தை நம்பி நிற்கிறது என்று பாருங்கள். மாசிக் காட்சியில் அமாவாசை இருட்டு வேண்டும். சம்பா அறுத்த பணம் கணவன் சுந்தரத்தின் கையில் இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் அவன் டாக்டருக்கு வண்டி பிடிக்கிறான். கார்த்திகையில் பயிர் வயலில் நிற்கும், கையில் காசு இருக்காது. ஆகவே மாசி அசையக் கூடாது. சித்திரைக் காட்சிக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. வெயிலும் மாம்பழமும்தான் இருக்கின்றன. மாசி அமாவாசையைப் பிப்ரவரிக் கடைசி என்று வைத்துப் பின்னால் எண்ணினால், வனஜா சேதி சொல்ல வேண்டியது ஆனி நடுவில். மாம்பழம் அப்போதும் கிடைக்கும்.

இதோடு முடியவில்லை. பழைய கணக்கில் ஐப்பசிக் கடைசி ஒன்பதாம் மாதம், வளைகாப்பு சரியாக இருந்தது. புதுக் கணக்கில் அதே நாள் ஆறாம் மாதம். ஆறாம் மாதத்தில் யார் வளையல் போடுவார்கள்? ஏழாம் மாதமான கார்த்திகைக்கோ ஒன்பதாம் மாதமான தைக்கோ நகர்த்த வேண்டும். கார்த்திகை உங்களுக்கு லாபம். அந்த அத்தியாயத்தில் பந்தல் நனையும் மழை வருகிறதே, அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் வனஜா ஓடம்போக்கி ஆற்று மணலில் இறங்கி நடந்து அக்கரை போகிறாள். சித்திரையில் ஆறு காய்ந்து கிடக்கும், தடையில்லை. ஆனி நடு என்றால் ஜூன் கடைசி. மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு ஜூன் 12. தண்ணீர் கல்லணை வந்து, கடைமடைப் பக்கம் இறங்கி வரும் நாட்கள் அவை. அவளைப் பாலத்தில் நடக்க விடுங்கள். அல்லது 'தண்ணி இன்னும் வரல' என்று வயலைப் பார்த்து யாரையாவது கவலைப்பட விடுங்கள். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கிறது. திருத்தம் என்று யாருக்கும் தெரியாது, விவசாயக் குடும்பத்தின் கதைக்குள் தானாக உட்கார்ந்துகொள்ளும்.

இப்படி ஒரு மாற்றத்தின் பின்விளைவுகளை எழுதிவைக்க, திருத்தத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே 'சேதி: சித்திரையிலிருந்து ஆனி'. கீழே பாதிக்கப்படும் இடங்கள்: அத். 9 ஆறு, வெயில், அத். 11 வளைகாப்பு மாதம்; பின்னால் யாராவது 'சித்திரையில சொன்னியே' என்று நினைவுபடுத்தும் வரி ஏதும் உண்டா. எல்லாவற்றையும் அடித்த பிறகே சீட்டைக் கிழிக்கலாம். பழைய ஃபைலின் மேல் எழுதாதீர்கள். தேதி போட்டுப் புதுப் பிரதியாகச் சேமியுங்கள்.

சுருக்கத்தைப் படித்தபோது உங்கள் தோழிகள் யாரும் சொல்லாத ஒன்று கண்ணில் பட்டது. 1968 பங்குனியில் ஆழித்தேர்க் கூட்டத்தில் ராஜாமணி தொலைந்துபோகிறான். திருவாரூர்த் தேர் 1948க்குப் பிறகு ஓடாமல் நின்று, 1970ல்தான் மறுபடி ஓடியது. உங்கள் ஊர்ப் பெரியவர் எவரும் அந்தப் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார். காட்சியை 1970க்குத் தள்ளலாம் என்று கை பரபரக்கும். தள்ளினால் பையனுக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பையன் அப்பா பேர், தெருப் பேர் எல்லாம் சொல்லுவான். அவன் சொல்லத் தெரியாமல் அழுவதால்தானே சாயங்காலம் வரை அந்தப் பூக்காரி வீட்டில் இருக்கிறான், பின்னால் அவள் கதைக்குள் வருகிறாள்? ஆகவே வயதைத் தொடாதீர்கள், கூட்டத்தை மாற்றுங்கள். அந்த ஆண்டுகளில் தவறாமல் நடந்த வேறு திருவிழா எது என்று கோயில் பக்கத்து முதியவர்களிடம் கேட்டு அதை வையுங்கள். தேர் ஓடாத குறையை அப்பாயி ஒரு வரியில் சொல்லிப் புலம்பட்டும். 1970ல் தேர் ஓடும்போது அது கைகொடுக்கும்.

காலச் சரிபார்ப்பில் உங்கள் கதைக்கு வேண்டிய மற்றவை: மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரியில். கடிதத்தின் முகவரியில் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான் வரலாம். சென்னைத் தொலைக்காட்சி 1975ல். ஐந்நூறு ரூபாய் நோட்டு 1987ல். 1981ல் சுந்தரம் எண்ணும் ஐந்நூறு ரூபாய்க் கட்டை நூறு ரூபாய்க் கட்டாக மாற்றுங்கள், கட்டு தடிமனாகும், அவ்வளவுதான். திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997ல், அதாவது உங்கள் நாவல் முடிந்த பிறகு. ஆகவே 33ஆம் அத்தியாயத்தின் 'திருவாரூர் கலெக்டர் ஆபீஸ்' இடம் மாற வேண்டும்: காட்சி 1991ல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிவதற்கு முன் என்றால் தஞ்சாவூருக்கு, பின் என்றால் நாகப்பட்டினத்துக்கு. நகை விஷயத்தில் இன்னும் கவனம். 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டால் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை இருந்தது, 1966ல்தான் தளர்ந்தது. 1964ல் வனஜாவுக்குப் புதுச் சங்கிலி என்கிறீர்கள். ஒன்று அது மாமியாரின் பழைய சங்கிலியாக இருக்கட்டும். இல்லையென்றால் ஆசாரி ரகசியமாகச் செய்து தரட்டும். அதுவே ஒரு நல்ல காட்சி.

நிலா தமிழ் எழுத்தாளர்களுக்குப் பொதுக் கண்டம். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. விடியற்காலை எண்ணெய்க் குளியலின்போது வானில் நிலா வெளிச்சம் கிடையாது. கார்த்திகை தீபத்தன்று நிறைய உண்டு. மூன்றாம் பிறை மேற்கில் தெரிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும், நள்ளிரவில் கிழக்கே எழாது. 'நிலா' என்று தேடி ஒவ்வொன்றுக்கும் திதி எழுதிப் பாருங்கள்.

அடுத்தது, யாருக்கு எது எப்போது தெரியும் என்பது. தோழிகள் பிடிக்காத இனம் இதுதான், நாவலை அதிகம் கெடுப்பதும் இதுதான். தண்டபாணி நிலத்தை ஒத்திக்கு வைத்தது சுந்தரத்துக்கு 27ஆம் அத்தியாயத்தில் தெரிகிறது. ஆனால் 22லேயே 'சோத்து நிலத்தைத் தூக்கிக் குடுத்தவன்' என்று தம்பியைத் திட்டுகிறார். எழுதிய உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதால் அவருக்கும் தெரிந்துவிட்டது. ரகசியத்துக்கு ஒரு தாள் ஒதுக்குங்கள்: யார், எந்த அத்தியாயத்தில், யார் வாயால். 22ல் 'யாரோ முன்பே சொல்லியிருந்தார்கள்' என்று ஒரு வரி சேர்த்து ஒட்டுப் போடாதீர்கள். அது 27ஐக் கொன்றுவிடும். திட்டுவதற்கு வேறு காரணம் கொடுங்கள். அண்ணன் தம்பிக்குள் திட்டக் காரணத்துக்கா பஞ்சம்? தலைமுறைக் கதையில் இன்னொரு கசிவும் உண்டு. பார்வைப் பாத்திரம், அதாவது யார் கண் வழியே காட்சி நகர்கிறதோ அவர், அறையில் இல்லாத நேரத்தில் பேசப்பட்டதை அவர் பின்னால் நினைவுகூர்வார். வரிசையில் 'யார் யார் இருந்தார்கள்' என்ற கட்டத்தையும் சேர்த்தால் பிடிபடும்.

சங்கிலிக்கும் அப்படியே ஒரு தாள். 15ல் அடகு, 19ல் கழுத்தில், 24ல் மீட்பு. 19ல் கழுத்தைத் தடவுகிறாள் என்றால் வெறும் கழுத்தைத் தடவட்டும், காட்சி இன்னும் கூர்மையாகும். எடையையும் பாருங்கள். அடகுக் கடையில் ஐந்து பவுன். மகள் கல்யாணத்தில் 48 கிராம். பவுனுக்கு எட்டு கிராம் என்றால் அது ஆறு பவுன். மீட்டு வந்த நகை ஒரு பவுன் கூடியிருக்கிறது.

சித்தப்பாவின் கால் சுலபம். எந்தக் கால் என்று சொல்லித்தான் ஆக வேண்டிய காட்சி உங்கள் நாவலில் ஒன்றுகூட இல்லை. இடது, வலது இரண்டையும் எடுத்துவிடுங்கள். 'காலை இழுத்து நடந்தார்' போதும். ஷெர்லாக் ஹோம்ஸின் நண்பர் வாட்சனுக்கு முதல் நாவலில் தோளில் பட்ட குண்டு இரண்டாவது நாவலில் காலுக்கு இறங்கிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாக வாசகர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு மட்டும் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை, கிணறு, கிழக்கு எது. காலை வெயில் எந்த ஜன்னலில் விழும் என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

முறைப்பெயர்களைத் தனியே ஒரு வம்சத் தாளில் சரிபாருங்கள். தமிழ் வாசகர் தேதியை மன்னிப்பார், முறை பிசகினால் மன்னிக்க மாட்டார். 29ல் ராஜாமணிக்குப் பேசும் பெண் தண்டபாணியின் மனைவி வழியில் அண்ணன் மகள். முறை சரிதான். ஆனால் 31ல் அவளை ஒரு வரியில் 'சித்தப்பா மகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி முறை ஆகிவிட்டது! அதேபோலக் கதைசொல்லியின் மரியாதை. சுந்தரம் இளைஞனாக 'வந்தான்', பிற்பகுதியில் 'வந்தார்'. மாறலாம், மாறத்தான் வேண்டும். எந்த அத்தியாயத்தில் மாறுகிறது என்று முடிவு செய்யுங்கள். அப்பா இறந்து குடும்பப் பொறுப்பு கைக்கு வரும் இடம் சரியான எல்லை. இப்போது ஒரே பத்தியில் 'எழுந்தான்', 'சொன்னார்' என்று இரண்டும் இருக்கின்றன.

பெயர் மாற்றியதில் வந்த குழப்பத்துக்குக் காரணம் கம்ப்யூட்டர் அல்ல, நம் வேற்றுமை உருபு. 'நடராஜன்' என்று தேடிச் 'சுந்தரம்' ஆக்கினீர்கள். தனியாக நின்ற 'நடராஜன்' எல்லாம் மாறியது. 'நடராஜனை', 'நடராஜனுக்கு' தப்பித்துவிட்டன, ஏனென்றால் அங்கே புள்ளி வைத்த 'ன்' இல்லை. புள்ளியை விட்டுவிட்டு மாற்றியிருந்தால் 'சுந்தரமை', 'சுந்தரமுக்கு' என்று வந்திருக்கும். வர வேண்டியது சுந்தரத்தை, சுந்தரத்துக்கு. ஒரே ஈறு உள்ள பெயராகத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம். அதிலும் 'நடராஜ' என்பதைக் 'கோவிந்த' என்று ஒட்டுமொத்தமாக மாற்றினால் சிதம்பரத்தில் கோவிந்தர் ஆடுவார். வனஜா விஷயத்தில் இது நடந்தேவிட்டது. 'கமலா' எல்லாம் வனஜா ஆனதில், உங்கள் சுருக்கத்திலேயே கமலாலயம் குளம் 'வனஜாலயம்' என்று இருக்கிறது. 'எல்லாவற்றையும் மாற்று' பொத்தானைத் தொடாதீர்கள். வேர்ப்பகுதியை மட்டும் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய அத்தியாயங்கள் இருந்தால், கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கலாம். கண்ணுக்கு 'கொ' ஒன்றுபோலத் தெரியும், தேடலில் சிக்காது. அந்த அத்தியாயங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வரிசை இதுதான்: பிறப்பு, வருஷம், மாதம் முதலில். பிறகு யாருக்கு எது தெரியும். பிறகு நகை, உடல், வீடு. பெயரும் எழுத்துக்கூட்டும் கடைசி. மேலே உள்ளதைத் திருத்தும்போது சில காட்சிகளே போய்விடும். போகப்போகும் பக்கத்தில் ஒற்றெழுத்துப் பார்ப்பது வீண் உழைப்பு. ஒரு காட்சியைத் தொட்டால் அதற்கு முந்தைய அத்தியாயத்தையும் பிந்தையதையும் வாய்விட்டுப் படியுங்கள். எல்லாம் முடிந்ததும் இதுவரை படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். 'எப்படி இருக்கு' என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்பார். 'எந்த இடத்தில் பக்கத்தைப் பின்னால் புரட்டினீர்கள்?' என்று கேளுங்கள்.

அப்பாயியின் இரண்டு கதைகள் மிச்சம். மூன்றாம் அத்தியாயத்தில் தாத்தா காலராவில் போனார். 31ல் ஆற்றோடு போனார். இது தவறா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மறந்துபோய் எழுதியிருந்தால் தவறு. ஆனால் அவள் எதையோ மறைக்கிறாள் என்ற வாடை சுருக்கத்திலேயே அடிக்கிறது. வேண்டுமென்றே என்றால் நாவலுக்குள் ஒருவர் அதைக் கவனித்தாக வேண்டும். யாரும் கவனிக்காவிட்டால் பழி உங்கள் மேல் விழும். 31ல் அவள் சொல்லி முடித்ததும், முதல் கதையைக் கேட்டிருந்த ஒருவர், 'காலரான்னுல்ல சொன்ன அப்பாயி?' என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அவள் பதில் சொல்ல வேண்டாம். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருக்கட்டும்.